கால் மரத்துப்போனால் எங்கிருந்து தேடுவது? புற நரம்பு நோயின் வகைகளும் கண்டறியும் வழியும்

அம்மாவின் இடது காலில் செருப்பு இல்லை. தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கி, தண்ணீர்ப் பீலிக்கரையைத் தாண்டி, லயத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அம்மாவுக்கே அது தெரிந்தது. "எங்கயோ கழண்டு விழுந்திருக்கு, தெரியலயே" என்றார். அரை மைல் சரளைப் பாதையை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறார். உள்ளங்காலைக் கல் கிழித்து இரத்தம் காய்ந்திருந்தது. அதுவும் தெரியவில்லை. நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்திய இரண்டு வருடமும் அம்மா ஒரு கிளினிக்குக்கு மாதம் தவறாமல் போய் வந்தார். "பாதம் வெறச்சுப் போகுதுங்க, ராவையில எரியுது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். துண்டில் 'நரம்பு வருத்தம்' என்று எழுதி விட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். ஒருவர்கூடச் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்க்கவில்லை. பிறகு வேறொரு இடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான், சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பல வருடமாக உடம்பில் இருந்தது தெரிந்தது. இன்று நானே மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்தியர். அந்தச் செருப்பை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நரம்பு வருத்தம் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் என்று சொல்வது எப்படியோ அப்படித்தான் இதுவும். டெங்குவுக்கும் காய்ச்சல் வரும், எலிக்காய்ச்சலுக்கும் வரும். காய்ச்சல் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடுமா? புற நரம்பு நோய்க்குக் காரணங்கள் நூற்றுக்கு மேல். அவற்றில் எது என்று கண்டுபிடிக்க முதலில் தேவைப்படுவது இயந்திரம் இல்லை. எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் போனது, எவ்வளவு நாளில் போனது என்ற கதைதான். அந்தக் கதை சரியாகக் கிடைத்தால் பாதி நோய் அப்போதே பிடிபட்டுவிடும்.

நரம்பைப் பற்றிக் கொஞ்சம்

மூளையும், முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணும் நடு நரம்புத் தொகுதி. அங்கிருந்து வெளியே வந்து கை, கால், தோல், குடல், இதயம் என்று எல்லா இடத்துக்கும் போவதுதான் புற நரம்பு. ஒரு நரம்புக்குள் மூன்று வகை இழைகள் ஓடும். உணர்ச்சியை மேலே கொண்டுபோவது ஒன்று. தசைக்குக் கட்டளை கொண்டுவருவது இன்னொன்று. வியர்வை, இரத்த அழுத்தம், குடல் அசைவு ஆகியவற்றை நமக்குத் தெரியாமலே பார்த்துக்கொள்ளும் தன்னியக்க இழை மூன்றாவது.

உணர்ச்சி இழையிலும் தடித்தது, மெல்லியது என்று உண்டு. அதிர்வையும், கால் விரல் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்ற நிலையையும் தடித்த இழை சொல்லும். வலியையும் சூடு குளிரையும் மெல்லிய இழை சொல்லும். மெல்லியது கெட்டால் எரியும், சுடும், குத்தும். தடித்தது கெட்டால் பஞ்சு மேல் நடப்பது போல இருக்கும், தள்ளாடும். ஆள் சொல்லும் வார்த்தையிலேயே எந்த இழை என்று ஓரளவு தெரிந்துவிடும்.

நரம்பிழையை மின்சார வயர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே செம்புக் கம்பி, வெளியே உறை. நரம்பின் உறைக்கு மயலின் என்று பெயர். சில நோய்கள் கம்பியை அழிக்கும், சில நோய்கள் உறையை உரிக்கும். உறை உரிந்தால் திரும்ப வளர வாய்ப்பு அதிகம். கம்பி அறுந்தால், நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் என்ற கணக்கில்தான் வளரும், அதுவும் வளர்ந்தால்தான். எது கெட்டிருக்கிறது என்று பிரிப்பதற்கு இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

முதல் படி: கதையைக் கேட்பது

முதல் கேள்வி, எங்கே தொடங்கியது? கால் விரல் நுனியிலா, ஒரு கையிலா, தொடையிலா? இரண்டு பக்கமும் ஒன்றாகவா, ஒரு பக்கம் மட்டுமா?

அடுத்தது, எவ்வளவு நாளில்? 4 வாரத்துக்குள் உச்சிக்குப் போனால் ஒரு கூட்டம் நோய்கள், 8 வாரத்துக்கு மேல் இழுத்தால் வேறு கூட்டம். "ரொம்ப நாளா" என்று சொன்னால் நான் விடுவதில்லை. பொங்கலுக்கு முன்னாலா, தீபாவளிக்குப் பிறகா, மகளுக்குக் கல்யாணமான வருடத்திலா என்று கேட்பேன். தேதி ஞாபகம் இல்லாதவர்களுக்கும் திருவிழா ஞாபகம் இருக்கும்.

மூன்றாவது, என்ன போனது, என்ன வந்தது? உணர்ச்சி போனதா, பலம் போனதா, எரிச்சல் வந்ததா? இதை நேராகக் கேட்டால் "எல்லாம்தான்" என்றுதான் பதில் வரும். அன்றாடக் காரியத்தை வைத்துக் கேட்க வேண்டும். செருப்பு கழன்றது தெரிகிறதா? கவ்வாத்து வெட்டிய மலையில் நடக்கும்போது குச்சி குத்தினால் தெரிகிறதா? சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? படியேறும்போது கால் நுனி தட்டுகிறதா? குந்தியிருந்து எழும்ப கை ஊன்ற வேண்டியிருக்கிறதா? நான் தவறாமல் கேட்கும் இன்னொன்று: பீலியில் முகம் கழுவக் கண்ணை மூடினால் விழப் பார்க்கிறதா? கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் தடித்த இழை கெட்டவர், அந்தக் குறையைக் கண்ணால் சமாளித்துக்கொண்டிருப்பார். கண்ணை மூடிய நொடியில் தள்ளாட்டம் வெளியே வந்துவிடும். ஆஸ்பத்திரியில் செய்யும் ரொம்பேர்க் சோதனையும் இதுதான்.

அப்புறம் பின்னணி. சீனி, பிரஷர், தைரோயிட், சிறுநீரகம். என்னென்ன மாத்திரை, எத்தனை வருடம்? சாராயமா, கசிப்பா, எவ்வளவு? மரக்கறித் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையா? காசநோய்க்கு மருந்து எடுத்தாரா? மச்சம், முட்டை, பால் எதுவும் சேர்க்காதவரா? வீட்டில் வேறு யாருக்காவது சிறு வயதிலிருந்தே வளைந்த பாதம், மெலிந்த கெண்டைக்கால் உண்டா?

இரண்டாவது படி: எந்த வடிவம் என்று பார்ப்பது

மலையகக் கிளினிக்குகளில் நாங்கள் அதிகம் பார்ப்பது நீளத்தைப் பொறுத்த வகை. இடுப்பிலிருந்து கால் விரல் வரை ஓடும் நரம்பிழைக்கு ஏறத்தாழ 1 மீற்றர் நீளம். அதற்குச் சாப்பாடு அனுப்பும் கலவுடல், அதாவது நரம்புக் கலத்தின் உடற்பகுதி, முதுகுப் பக்கத்தில் இருக்கிறது. அனுப்புவது குறைந்தால் கடைசி நுனிதான் முதலில் பட்டினி கிடக்கும். அதனால் இரண்டு கால் விரல்களும் ஒன்றாக மரக்கும், மெல்ல மெல்லக் கணுக்கால் ஏறும், முழங்காலை எட்டும் காலத்தில் கை விரல் நுனியும் மரக்கத் தொடங்கும். காலுறையும் கையுறையும் போட்ட இடம் போல என்று பாடப்புத்தகத்தில் சொல்வார்கள். கால் முழங்கால் வரை போகாமல் கை மட்டும் மரத்தால் இந்த வகை இல்லை, வேறு எதையோ தேட வேண்டும்.

இதற்குப் பெரிய காரணம் நீரிழிவு. நீரிழிவு நரம்பு நோய் உள்ளவர்களில் பாதிப் பேர் வரை எந்தத் தொல்லையும் உணராமல் இருக்கலாம். எரிச்சல் இல்லாதவருக்குப் புண் வந்த பிறகுதான் தெரியும். இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடித்த அன்றே காலைச் சோதிக்க வேண்டும், அதற்குப் பிறகு வருடம் ஒரு தடவை என்பது இதனால்தான். அடுத்த காரணங்கள் மதுபானம், விட்டமின் பி12 குறைவு, நாள்பட்ட சிறுநீரக நோய், தைரோயிட் குறைவு, சில மருந்துகள். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநயசிட் உடம்பிலுள்ள பி6ஐக் குறைக்கும், அதனால்தான் கூடவே பி6 மாத்திரையும் தருவார்கள். அதே பி6ஐ 'நரம்புக்கு நல்லது' என்று அளவுக்கு மீறி மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே உணர்ச்சி நரம்பைக் கெடுக்கும். கடையில் வாங்கும் நரம்பு மாத்திரைப் பெட்டியைக் கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்வது இதற்காகத்தான்.

ஒற்றை நரம்பு மட்டும் கெடுவது அடுத்த வகை. கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் அடிக்கடி கேட்கும் கதை ஒன்று உண்டு: நடு இரவில் கை விரல்கள் விறைத்து எழுப்பும், கையை உதறினால் கொஞ்சம் சுகம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி. சின்ன விரல் தப்பியிருக்கும். மணிக்கட்டில் மீடியன் என்ற கை நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளம் இது. கர்ப்பத்திலும், தைரோயிட் குறைவிலும், நீரிழிவிலும் இது கூடுதலாக வரும். சின்ன விரலும் அதன் பக்கமும் மரத்தால் முழங்கையில் அல்நார் நரம்பைப் பார்க்க வேண்டும். நீண்ட நேரம் குந்தியிருந்து வேலை செய்தவருக்குப் பாதம் தொங்கினால், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் எலும்பைச் சுற்றி ஓடும் நரம்பு அழுந்தியிருக்கலாம்.

ஒரு நரம்பு, பிறகு தொடர்பில்லாத இன்னொரு இடத்தில் இன்னொரு நரம்பு என்று விட்டு விட்டுக் கெட்டால் அந்த வகை எனக்குக் கவலை தரும். முதலில் தொழுநோயை நினைக்க வேண்டும். இலங்கையில் 1995 இல் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவிலிருந்து கீழே கொண்டுவரப்பட்டது, ஆனாலும் ஒவ்வொரு வருடமும் புதிய நோயாளிகள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். வெளிறிய அல்லது சிவந்த தேமல், அதில் தொட்டால் தெரியாமை, தடித்த நரம்பு: இவை மூன்றும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். முழங்கை உள்பக்கப் பள்ளத்திலும், கழுத்தில் காதுக்குக் கீழும், முழங்காலுக்கு வெளிப்பக்கமும் விரலால் உருட்டிப் பார்த்தால் தடித்த நரம்பு கயிறு போலத் தட்டுப்படும். இந்தக் கிருமிக்குக் குளிர்ந்த இடம்தான் பிடிக்கும், அதனால் காது மடல், முழங்கை, முழங்கால் போன்ற இடங்களில் உணர்ச்சி போகும். ஆனால் சுத்தியலால் தட்டும்போது வரும் அனிச்சை பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். மருந்து அரசாங்கத்தில் இலவசம், 6 அல்லது 12 மாதம். வெட்கப்பட்டு லயத்துக்குள் ஒளித்துவைத்த பிறகு மடங்கிப்போன விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது. தேமலைக் கண்டால் தயவுசெய்து தோல் கிளினிக்குக்கு வாருங்கள்.

இதே வகையில் இன்னொரு காரணம் இரத்தக் குழாய் அழற்சி. ஒரு நாள் திடீரென்று கடுமையான வலியோடு பாதம் தொங்கும், சில நாளில் கை மணிக்கட்டு தொங்கும். கூடவே காய்ச்சல், எடை குறைவு, தோலில் ஊதாப் புள்ளி. இதை வாரக்கணக்கில் தள்ளிப்போடக்கூடாது.

தொடையிலும் தோளிலும் பலம் குறைந்து, பாதத்திலும் குறைந்து, இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் உறை உரியும் நோய்களைத் தேட வேண்டும். அதில் வேகமாக வருவது குயிலன் பாரே நோய்க்குறி. 1916 இல் குயிலன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு வைத்தியர்கள் விவரித்தது. வயிற்றுப்போக்கோ தடிமன் இருமலோ வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காலில் கூச்சம், முதுகு வலி, பிறகு எழும்ப முடியாமை, பிறகு கை, சிலருக்கு முகம். அனிச்சைகள் அவிந்துபோகும். ஆபத்து காலில் இல்லை, மூச்சில்தான். மெல்ல வரும் இதன் சொந்தக்காரன், 8 வாரத்துக்கு மேல் கூடிக்கொண்டே போகும் நாள்பட்ட உறை உரியும் நோய். நீரிழிவுக்காரர் ஒருவருக்கு இது வந்தால் 'சீனியால்தான்' என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஸ்டீரொயிட்டாலும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தாலும் குணப்படுத்தக்கூடிய ஒன்றைத் தவறவிட்ட பாவம் அது. சீனி வருத்தம் உள்ளவரின் நரம்பு எல்லாம் சீனியால்தான் கெட வேண்டும் என்று சட்டம் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தொடையில் பொறுக்க முடியாத வலி, பிறகு தொடை மெலிந்து முழங்கால் மடங்கி விழுவது, எடையும் குறைவது நீரிழிவில் வரும் தனி வகை. மாதக்கணக்கில் மெல்லத் தேறும். பலம் நன்றாக இருந்தும் கண்ணை மூடினால் கை எங்கே என்றே தெரியாத அளவு தள்ளாட்டம் என்றால் நரம்பின் உணர்ச்சிக் கலவுடலே கெட்டிருக்கலாம். சில புற்றுநோய்கள், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் மருந்து, கண்ணும் வாயும் வரண்டுபோகும் ஷோக்ரென் நோய், அளவு மீறிய பி6 இதற்குக் காரணம். எரிச்சல் மட்டும் இருந்து மற்ற எல்லாச் சோதனையும் சரியாக இருந்தால் மெல்லிய இழை நோய். எழுந்து நின்றால் தலை சுற்றல், சாப்பிட்டதும் வயிறு நிரம்புதல், ஆண்மைக் குறைவு என்றால் தன்னியக்க இழை.

எள்ளெண்ணெய் சொன்ன கதை

வடிவத்தைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது என்றால் என்ன என்பதற்கு நம் மலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1977, 78 ஆண்டுகளில் தேயிலைத் தோட்டங்களில் இருபது பேரளவில் இளம் பெண்களுக்கு ஒரே மாதிரியான வாதம் வந்தது. இரண்டு பாதமும் தொங்கியது, கைகளும் பலம் குறைந்தன. பலம் போன அளவுக்கு உணர்ச்சி போகவில்லை. எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே வயது, எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள், எல்லோரும் அண்மையில் பெரியவளானவர்கள். பையன்களுக்கு இல்லை, தாய்மாருக்கு இல்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்து வைத்தியர் நிமல் சேனாநாயக்கவும், ஜே. ஜெயரத்னமும் இதைத் தேடினார்கள். பெரியவளான பிள்ளைக்கு நம் வீடுகளில் என்ன கொடுப்போம்? நல்லெண்ணெய். அந்த எண்ணெயில் ட்ரை கிரெசைல் பொஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த பாத்திரங்களில் கொண்டுவந்தபோது சேர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1930 இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாறு குடித்த ஆயிரக்கணக்கானோரின் காலை முடக்கியதும் இதே இரசாயனம்தான். மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தபோது சில பிள்ளைகளுக்குப் புற நரம்பு தேறிய பிறகு முண்ணாணின் பாதிப்பு வெளிப்பட்டது. தொங்கிய கால் விறைத்த காலாக மாறியது.

இதில் என்னை இன்றும் அசைப்பது, நோயைக் கண்டுபிடித்த விதம். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, இவர்கள் மட்டும் சாப்பிட்டது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நம் வீட்டுச் சடங்கைப் பற்றி யாரோ அக்கறையோடு விசாரித்ததால்தான் அது வெளியே வந்தது.

அதே சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்தவோடு சேர்ந்து 1987 இல் இன்னொன்றையும் எழுதினார். ஓர்கனோபொஸ்பரஸ் பூச்சிமருந்து உடம்பில் சேர்ந்தவர் முதல் ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்று நினைக்கும்போது, 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல் போய் மூச்சும் நின்றுபோகும் இடைக்கால நோய்க்குறி அது. கண்டிப்பாகச் சொன்னால் அது நரம்பும் தசையும் சேரும் இடத்தின் கோளாறு. புற நரம்பு கெடுவது அதற்கும் பிந்தி, வாரங்கள் கழித்து, கெண்டைக்கால் பிடிப்போடு தொடங்கும். வெலிமடை, நுவரெலியாப் பக்கம் லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் மருந்தடிக்கிறவருக்குப் புதிதாகப் பாதம் தொங்கினால், போன மாதம் என்ன அடித்தார் என்று கேளுங்கள். போத்தலின் லேபிளைக் கொண்டுவாருங்கள்.

மூன்றாவது படி: செருப்பைக் கழற்றிப் பார்ப்பது

கால் முழுவதும் தெரிய வேண்டும். விரலிடுக்கு, குதிகால், நகம், பழைய தீக்காயம். குளிர் காலத்தில் அடுப்பங்கரையில் காலை நீட்டிக் குளிர் காய்ந்தவர்களின் உள்ளங்காலில் கொப்புளம் பார்த்திருக்கிறேன். சுட்டது தெரியாமல் தூங்கியிருக்கிறார்கள்.

அப்புறம் ஒழுங்காக: குதிகாலில் நடக்கச் சொல்வது, கால் நுனியில் நடக்கச் சொல்வது, கண்ணை மூடி நிற்கச் சொல்வது. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு எப்போது நின்றது என்று கேட்பது. 10 கிராம் நைலோன் இழையை அது வளையும் வரை பாதத்தில் ஓரிரு நொடி அழுத்துவது; தெரியாவிட்டால் அந்தக் காலில் புண் வரும் ஆபத்து இருக்கிறது. ஊசி முனையால் குத்தி எந்த உயரத்தில் உணர்ச்சி திரும்புகிறது என்று பேனையால் கோடு போட்டுவிடலாம். கணுக்கால் அனிச்சை போயிருக்கிறதா? நரம்பு தடித்திருக்கிறதா? படுத்திருந்தபோது அழுத்தம் எவ்வளவு, எழுந்து 3 நிமிடத்துக்குள் எவ்வளவு? மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் தன்னியக்க இழையைச் சந்தேகிக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனையும் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் உருவானது, எந்தக் கருவியும் வேண்டாம். பெரியவரைப் படுக்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால், இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்ன விரல் என்று ஆறு நுனிகளை ஒவ்வொன்றாக ஓரிரு நொடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்த வேண்டாம், தட்ட வேண்டாம், தடவ வேண்டாம். தொட்டதும் வலதா இடதா என்று அவர் சொல்லட்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

பார்க்கும்போதே வேறொன்றையும் ஒதுக்க வேண்டும். அனிச்சை குறையாமல் மிகையாகத் துள்ளுகிறதா, உடம்பில் ஒரு மட்டத்துக்குக் கீழே எல்லாம் மரத்திருக்கிறதா, சிறுநீர் கட்டுப்பாடு போயிருக்கிறதா? அப்படியென்றால் நோய் முண்ணாணில். பி12 குறைவு போன்ற சில மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கெடுக்கும்: முழங்கால் துள்ளும், கணுக்கால் அவிந்திருக்கும். அந்தக் கலவையைக் கண்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பி12தான்.

நான்காவது படி: இரத்தம்

நீளத்தைப் பொறுத்த வகை என்றால் தேடல் சின்னது: வெறும் வயிற்றுச் சீனி, எச்.பி.ஏ.1.சி (கடந்த சில மாதச் சீனியின் சராசரி), பி12, முழு இரத்தக் கணக்கு, ஈ.எஸ்.ஆர் (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது), சிறுநீரகம், ஈரல், தைரோயிட். வயதானவருக்கு, இரத்தத்திலுள்ள புரதங்களை வகை பிரித்துப் பார்க்கும் புரத மின்பகுப்பும் சேர்ப்போம். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, எச்.பி.ஏ.1.சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு. பி12 200 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200க்கும் 300க்கும் இடையில் என்றால் நம்பவும் முடியாது, விடவும் முடியாது.

சீனிக்குப் பல வருடம் மெட்போமின் மாத்திரை எடுத்தவருக்கு பி12 குறையும். அவருக்குக் கால் எரிந்தால் 'சீனி கூடிவிட்டது' என்று மெட்போமினை இன்னும் கூட்டுவதற்கு முன் பி12 பார்க்க வேண்டும். முக்கியமாக, இரத்தம் எடுத்த பிறகே பி12 ஊசி. ஊசி போட்டுவிட்டுப் பிறகு அளந்தால் உண்மை தெரியாது. போலிக் அசிட் மட்டும் கொடுத்தாலும் இரத்தசோகை தேறும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

விட்டு விட்டுக் கெடும் வகைக்கும் வேகமான வகைக்கும் இந்தப் பட்டியல் போதாது. இரத்தக் குழாய் அழற்சிக்கான எதிர்ப்பொருள், எச்.ஐ.வி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், தொழுநோய்க்கான தோல் சுரண்டல் என்று நீளும். குயிலன் பாரே சந்தேகம் என்றால் முதுகு நீர் எடுப்பார்கள். புரதம் கூடியிருக்கும், வெள்ளணு கூடியிருக்காது. முதல் வாரத்தில் புரதம் சரியாகவே இருக்கலாம், அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. முதுகு நீர் எடுத்தால் முடமாகிவிடுவார்கள் என்று பயந்து கையெழுத்துப் போடாமல் போன குடும்பங்கள் உண்டு. ஊசி போகும் இடத்தில் முண்ணாண் கிடையாது, அது மேலேயே முடிந்துவிடுகிறது.

ஐந்தாவது படி: நரம்புக் கடத்தல் பரிசோதனை

எல்லோருக்கும் இது வேண்டாம். சீனிக்காரர், இரண்டு பாதமும் சமமாக மரத்திருக்கிறது, பல வருடமாக மெல்ல வந்தது, பலம் இருக்கிறது என்றால் கதையும் காலும் போதும். வேகமாக வந்தால், ஒரு பக்கமாக இருந்தால், பலம் முன்னால் போனால், இரத்தம் எதுவும் சொல்லாவிட்டால்தான் இந்தச் சோதனைக்குக் கண்டி ஆஸ்பத்திரிக்கு எழுதுவோம்.

நரம்பின் மேல் சின்ன மின் அதிர்வு கொடுத்து, அது எவ்வளவு வேகத்தில், எவ்வளவு உயரமான அலையாக வருகிறது என்று அளப்பார்கள். சுள்ளென்று இருக்கும், தாங்கக்கூடியதுதான். கையில் நொடிக்கு 50 மீற்றர், காலில் 40 மீற்றர் என்ற அளவுக்கு மேல் இருந்தால் வேகம் சரி. வேகம் ஏறத்தாழ சரியாக இருந்து அலை குட்டையானால் கம்பி கெட்டிருக்கிறது. வேகம் நன்றாக விழுந்தால், அல்லது அலை நடுவழியில் தடைபட்டால் உறை கெட்டிருக்கிறது. வேகம் எல்லா நரம்பிலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் பரம்பரை நோய், இங்கொன்றும் அங்கொன்றுமாக என்றால் பின்னால் வந்தது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். தேவைப்பட்டால் மெல்லிய ஊசியைத் தசையில் செலுத்தியும் பார்ப்பார்கள்.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது குளிர். தோல் ஒரு பாகை குளிர்ந்தால் நரம்பின் வேகம் நொடிக்கு 2 மீற்றர் அளவில் குறையும். கை 6 பாகை குளிர்ந்திருந்தால் நொடிக்கு 52 மீற்றர் ஓடும் நல்ல நரம்பு 40 என்று காட்டலாம், உறை கெட்டது போலத் தோன்றும். விடியற்காலை பஸ்ஸில் நுவரெலியாவிலிருந்து நடுங்கிக்கொண்டு போய் நேராகப் படுக்கையில் ஏறாதீர்கள். காலுறை, கையுறை போட்டுக்கொண்டு போங்கள். கை குளிர்ந்திருந்தால் சொல்லுங்கள், 32 பாகைக்குச் சூடாக்கிவிட்டு அளப்பார்கள். அன்று தோலில் எண்ணெய், கிரீம் பூச வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, வோபரின் போன்ற இரத்தம் உறையாத மருந்து எடுத்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முடிவு சரியாக வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. இந்தச் சோதனை தடித்த இழையைத்தான் அளக்கும். மெல்லிய இழை மட்டும் கெட்டவருக்கு எல்லாம் சரி என்றுதான் வரும். "ஒனக்கு ஒன்னுமில்ல, மனசுதான்" என்று அவரை அனுப்பிவிடக்கூடாது. அவருக்குக் கணுக்காலுக்கு 10 சென்ரிமீற்றர் மேலே 3 மில்லிமீற்றர் தோல் எடுத்து இழைகளை எண்ணும் முறை இருக்கிறது. நரம்பையே வெட்டிப் பார்ப்பது இரத்தக் குழாய் அழற்சி போன்ற சந்தேகத்துக்கு மட்டும். எடுத்த பிறகு பாதத்தின் வெளிப்பக்கம் மரத்தே இருக்கும்.

எப்போது காத்திருக்கவே கூடாது

நாட்கணக்கில் கால் பலம் குறைந்து மேலே ஏறினால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், முகம் இழுத்தால், ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடியாவிட்டால், சிறுநீர் நின்றால், வலியோடு பாதம் திடீரென்று தொங்கினால் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்க வேண்டாம். தோட்டத்து லொறிக்காகவும் காத்திருக்க வேண்டாம். சுவசெரிய அம்புலன்ஸ் 1990, இலவசம். ஏற்றும்போது எந்த நாள் தொடங்கியது, இன்று காலை எது முடிந்தது, இப்போது எது முடியவில்லை என்று சொல்லுங்கள். குயிலன் பாரே நோய்க்கு மூச்சு இயந்திரம் உள்ள இடம் வேண்டும், அந்த வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

கிளினிக்குக்குப் போகும் முன்

பிள்ளையின் பழைய கொப்பித் தாள் ஒன்று போதும். முன் பின் இரண்டு பாதம் வரைந்து, மரத்த இடத்தைக் கரியாக்குங்கள், எரியும் இடத்தில் புள்ளி வையுங்கள். பக்கத்தில் தொடங்கிய மாதம். போன வருடம் எதுவரை, இந்த வருடம் எதுவரை. எடுக்கும் மாத்திரைகளைப் பெட்டியோடு பையில் போடுங்கள், கடையில் வாங்கியதும் நாட்டு மருந்தும் உட்பட. பழைய கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். தாயையோ தகப்பனையோ கூட்டிப் போகும் பிள்ளைகள் உள்ளே போனதும் செருப்பையும் காலுறையையும் கழற்றி வையுங்கள். யாரும் சொல்லாவிட்டாலும், "டொக்டர், அம்மாட காலக் கொஞ்சம் பாருங்க" என்று நீங்களே சொல்லுங்கள்.

காரணம் பிடிபட்டால் வைத்தியம் அதற்குத்தான்: சீனியைக் கட்டுப்படுத்துவது, பி12 ஊசி, குடியை நிறுத்துவது, தொழுநோய் மருந்து, இம்யூனோகுளோபுலின். எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், கபபென்ரின், பிரிகபலின், டுலோக்செட்டின் இருக்கின்றன; இவை எரிச்சலைத்தான் குறைக்கும், நரம்பை வளர்க்காது. மரத்த காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டாம். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். இரவில் உள்ளங்காலுக்குக் கீழே சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அம்மா இப்போது மலைக்குப் போவதில்லை. குதிகாலுக்குப் பின்னால் வார் வைத்த செருப்புத்தான் போடுகிறார். ஒவ்வொரு போயா விடுமுறைக்கும் வீட்டுக்குப் போகும்போது இசைக்கவையைப் பையில் எடுத்துப் போவேன். பெருவிரலில் வைத்தால் தெரியவில்லை, கணுக்கால் எலும்பில் எட்டு நொடி. போன வருடமும் எட்டு நொடிதான்.